ஏழு நாற்பது பஸ்ஸும் எட்டே கால் பிளேனும்

பெரம்பலூர்,
6.7.2005, புதன்கிழமை,
காலை மணி 9.10.

என் மகள் முத்தமிழுக்குத் தாய்மாமனும் எனக்கு மூத்த மைத்துனருமாகிய கல்லங்குறிச்சி தங்கராசு அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற டைம் கீப்பர் இளையபெருமாள் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் தங்கை வேணியும் முத்தமிழும் சுகமாக இருக்கிறோம். வேணியின் முழங்கால் வலி நீங்கள் சித்திரையில் வந்தபோது இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அங்கே நீங்களும் மலர்கொடி அக்காவும் கலியுகப் பெருமாள் பார்வையில் நன்றாக இருப்பீர்கள், கடலைக்கு ஒரு மழையாவது விழுந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மச்சான், இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரி சரி சரி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். சொன்னது காதில் ஏறியதா இல்லையா என்று நான் மறுபடி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தவிர, இது ஆகாயத்தில் நடக்கிற விஷயம். நிறுத்தி நிதானமாக எழுதினால்தான் விளங்கும். போன பத்து நாளாக நான் பார்த்ததையும் அளந்ததையும் நினைத்தால் சோறு இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வண்டிகளுக்கு நேரம் போட்டவன் நான். இத்தனை நாளும் நான் பார்த்தது ஓட்டமே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அரும்பாவூர் பெரியசாமி வீட்டு வரனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை கலைச்செல்வன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர், லீவில் வந்திருக்கிறார். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், அவர்களுக்குப் பரம திருப்தி. முத்தமிழ் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் தேதி கிழிக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டிருக்கிறாள், சில நாள் நான் எழுந்து வருவதற்குள் கிழித்துவிடுகிறாள். எனக்கு அது போதும். இவ்வளவும் கூடிவந்த நேரத்தில் உங்கள் தங்கை காபித் தட்டோடு கூடத்துக்கு வந்து நின்று, சம்பந்தியாகப் போகிற மனிதரைப் பார்த்து, "சிங்கப்பூரு இங்கேருந்து எம்மாந் நேரங்க?" என்று கேட்டாள்.

பெரியசாமி சிரித்துக்கொண்டே, "பிளேன்ல ஏறி ஒக்காந்து ஒரு தூக்கம் போட்டு முழிச்சா ஊரு வந்துரும்மா" என்றார்.

"தூங்கி முழிக்கிற கணக்கு வேணாங்க. மணியைச் சொல்லுங்க."

பெரியசாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் பெரியவர்கள் ஆளுக்கு ஆள் பேசி அது அமுங்கிப்போய்விட்டது. அவர்கள் போன பிறகு வேணி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்கம்மா எனக்காக ரெண்டே முக்கா மணி நேரம் உசுரைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க. நானும் அம்புட்டுத்தான் தாங்குவேன். அதுக்குள்ள எம்பொண்ணு எங்கிட்ட வந்து சேந்துரலாம்னா குடுங்க. இல்லேன்னா மாப்பிள்ளை குபேரனா இருந்தாலும் எனக்கு வேணாம்."

உங்கள் அம்மா தவறிய நாளைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று உங்களுக்குப் புரியும். அதற்கு நான் பின்னால் வருகிறேன். அது வராமல் இந்தக் கடிதம் முடியாது.

நான் டைம் கீப்பராயிற்றே, உடனே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பெரம்பலூரிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் திருச்சி வரும், ஆத்தூர் வரும், தஞ்சாவூர் வரும், கொஞ்சம் முடுக்கினால் விழுப்புரம்கூட வரும். சென்னை வரவே வராது. போன தையில் தாம்பரத்து வரனை அவள் வேண்டாம் என்றது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாம்பரமே தேறாத இடத்தில் கடல் தாண்டிய ஊர் எப்படித் தேறும் என்று மனசு விட்டுப்போனேன். ஆனாலும் ஓர் ஊரை அளக்காமல் தள்ளுவது என் தொழிலுக்கு அழகில்லை என்று தோன்றியது.

முதலில் தூரம். நம் பெண்கள் பள்ளியில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. பூகோள ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடப்பதால் அது டிரில் மாஸ்டர் குருநாதன் பொறுப்பில், கைப்பந்துகளோடு சேர்ந்து ஒரே வலையில் தொங்குகிறது. இறக்கித் துடைத்துக் கொடுத்தார். நம் நாட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டியே பிள்ளைகள் அதைத் தேய்த்திருக்கிறார்கள், மதுரைக்கு மேலே எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு குத்துமதிப்பாகத் திருச்சியை வைத்துக்கொண்டு, வேணி பூக்கட்ட நனைத்து வைத்திருந்த வாழைநாரில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், அதை அங்கிருந்து சிங்கப்பூர் வரை ஒட்டிப் பிடித்து, நகத்தால் கீறி அடையாளம் வைத்தேன். உருண்டையிலிருந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். வீட்டில் சட்டைப் பையிலிருந்து மறுநாள் எடுத்து ஒரு சந்தேகத்துக்கு மறுபடி போய் வைத்துப் பார்த்தேன், இரண்டாயிரத்து தொள்ளாயிரம்தான் இருந்தது. நானூறு கிலோமீட்டர் ஒரே பகலில் காய்ந்துபோயிருக்கிறது. பிறகு தையல் நூல் வாங்கி அளந்தோம். மூவாயிரத்துக்கு ஒரு முழம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

மூவாயிரம் கிலோமீட்டர் என்றால் என்ன என்று யோசித்தீர்களா? பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் முப்பது. நடுவில் உங்கள் ஊரை மாவட்டமாக்கினார்கள், மறு வருஷமே எங்களோடு சேர்த்தார்கள், என்ன செய்தாலும் அந்த முப்பது முப்பதாகவே இருக்கிறது. அந்த முப்பதை நூறு தடவை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சிங்கப்பூர். நம் வண்டி ஒரு நடைக்கு ஒரு மணி நேரம், சிமெண்டு லாரி குறுக்கே நின்றால் ஒன்றே கால். நூறு நடை என்றால் விடாமல் ஓட்டினாலும் நாலு நாள் ஆகும், டிரைவர் மாற்ற வேண்டும், கடலில் ரோடு வேறு போட வேண்டும். அன்று மத்தியானம் நான் படுத்துவிட்டேன்.

அடுத்து நேரம். திருச்சியில் டிக்கெட் போடுகிற ஆபீஸ் ஒன்றில் கேட்டேன். அச்சடித்த தாள் கொடுத்தார்கள். மச்சான், இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். பிளேன் திருச்சியில் காலை 11.30-க்குக் கிளம்புகிறது, சிங்கப்பூரில் மாலை 6.15-க்குச் சேர்கிறது. ஆக ஆறே முக்கால் மணி நேரம். நான் தாளை மடித்துவிட்டேன். வேணிக்கு என்ன சொல்லி முத்தமிழுக்கு என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே மத்திய பஸ் நிலையம் வரை நடந்தேன். பெரம்பலூர் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எதற்கும் வருகிற நடையையும் பார்ப்போம் என்று தாளைத் திருப்பினேன். சிங்கப்பூரில் காலை 8.15-க்குக் கிளம்புகிறது. திருச்சியில் காலை 10.00-க்கு இறங்குகிறது.

ஒன்றே முக்கால் மணி நேரம்.

சமயபுரம் வருவதற்குள் அதை ஏழெட்டுத் தடவை கழித்துப் பார்த்தேன். பத்திலிருந்து எட்டே காலைக் கழித்தால் ஒன்றே முக்கால்தான் வருகிறது, வேறு எப்படிக் கழிப்பது? போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்கால். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரிடம் தாளைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் மூளைங்க" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து வேகம் கண்டேன். வரும்போது நிமிஷத்துக்கு இருபத்தெட்டரை கிலோமீட்டர். பெரம்பலூரில் விசில் அடித்தால் அரியலூர் போய்ச் சேர ஒரு நிமிஷமும் மூன்று வினாடியும். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழிப்பதற்குள் உங்கள் ஊர் வந்துவிடும், சில்லறை கொடுக்க நேரமே கிடையாது.

அச்சுப் பிழையாக இருக்குமோ என்று ஒரு பயம். நேராகக் குருநாதனிடம் போனேன். அவர் தாளைப் பார்த்து வெகுநேரம் மோவாயைத் தடவினார். பிறகு உருண்டையைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பூமி எந்தப் பக்கம் சுத்துது? மேக்கேருந்து கெழக்கால. சிங்கப்பூரு எங்க இருக்கு? கெழக்க. பிளேனு இங்கேருந்து போறப்ப அந்த ஊரு முன்னால ஓடிக்கிட்டே இருக்குங்க, தொரத்திப் புடிக்கணும். அதான் ஆறே முக்கா. வர்றப்ப அப்புடி இல்ல. நம்ம திருச்சி எதுத்தாப்புல ஓடியாருது. பாதி வழியில வந்து வாங்கிக்கிது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக்குப் போகிறபோது வழி நீண்டுகொண்டே போகிறது. தாய் வீட்டுக்கு வருகிறபோது மண்ணே எழுந்து எதிரே வந்து அவளை வாங்கிக்கொள்கிறது. பூமியை இப்படிப் படைத்தவனுக்குப் பெண் பிள்ளை இருந்திருக்க வேண்டும், மச்சான். இதைச் சொன்னபோது குருநாதன் உருண்டையை மறுபடி ஒரு தடவை துடைத்தார். அவருக்கு இரண்டு பெண்கள்.

இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் நான் எந்த வண்டிக்கும் நேரம் போட்டவன் இல்லை. போன வெள்ளிக்கிழமை நம் தெரு அங்கமுத்துவின் அம்பாசடரை எடுத்துக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்கே போய்விட்டேன். வீட்டில் பென்ஷன் வேலை என்று சொல்லியிருந்தேன். காம்பவுண்டு சுவர் ஓரம் ரோட்டில் நின்றோம். என் கையில் எச்.எம்.டி வாட்ச், அங்கமுத்துவின் கையில் நோட்டு. ஒன்பது ஐம்பத்தேழுக்குக் கிழக்கே ஒரு கொசு தெரிந்தது. கொசு ஈயாயிற்று, பிறகு இறக்கையை விரித்துக்கொண்டு ஒரு வீடு இறங்குவது போல இறங்கியது. அதன் வயிறு எங்கள் தலைக்கு மேலே போனபோது வெயில் ஒரு கணம் மறைந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. இவ்வளவு பெரிய இரும்பு, உள்ளே நூற்றைம்பது பேர், அவர்கள் பெட்டி, சட்டி, போர்வை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கோழி உட்காருவது போலத் தரையில் உட்காருகிறது. நான் கும்பிட்டுவிட்டேன். வாட்சைப் பார்க்க மறந்துபோனேன். என் வாழ்நாளில் ஒரு வண்டி வந்து சேர்ந்தபோது நான் வாட்சைப் பார்க்காதது அதுதான் முதல் தடவை. அங்கமுத்துதான், "பத்து ரெண்டுங்க, எழுதிக்கட்டா?" என்றார்.

பிறகு பயணிகள் வெளியே வருகிற வாசலுக்குப் போனோம். முதலில் வந்த ஒரு தம்பியை நிறுத்தி, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டேன். "எட்டே காலுக்குங்கய்யா, கரெக்டா எடுத்துட்டான்" என்றார். அச்சடித்த தாள் பொய் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த வாட்சைப் பார்த்தேன், பார்க்க மினுமினுவென்று இருக்கிறது, மணி ஒன்று ஐந்து காட்டுகிறது. அப்போது மணி பத்து முப்பத்தைந்து. வெளிநாட்டு வாட்சின் லட்சணம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு, பாவமே என்று அவர் கையைப் பிடித்து நானே முள்ளைத் திருப்பிச் சரிசெய்துவிட்டேன். "ரொம்ப தேங்ஸுங்கய்யா, மாத்த மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தவரின் வாட்சும் அதே இரண்டரை மணி நேரம் ஃபாஸ்ட். இரண்டு பேரும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் போல. அதையும் திருப்பிக் கொடுத்தேன்.

ஏர்போர்ட் வாசலிலிருந்து நம் வீட்டு வாசல் வரை அங்கமுத்துவை ஓட்டச் சொல்லி அளந்தேன். ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். அதில் பாடாலூரில் ஆட்டு மந்தை குறுக்கே போனது ஏழு நிமிஷம், அங்கமுத்து வெற்றிலை போடுகிறேன் என்று இறங்கியது ஐந்து நிமிஷம். எங்கள் ஆபீஸ் வழக்கத்தில் இவை இரண்டும் தவிர்க்கக்கூடிய தாமதம், தள்ளிவிடலாம். ஆக ஒரு மணி நேரம். பெட்டி எடுக்கிற நேரத்தை நான் சேர்க்கவில்லை. அம்மாவைப் பார்க்க அடித்துப் பிடித்து ஓடி வருகிறவள் பெட்டியோடு வரமாட்டாள்.

ஒன்றே முக்காலும் ஒன்றும் இரண்டே முக்கால், மச்சான். ஒரு நிமிஷம் கூடவில்லை, ஒரு நிமிஷம் குறையவில்லை. தாம்பரம் தோற்ற இடத்தில் சிங்கப்பூர் ஜெயித்துவிட்டது. நோட்டில் இதை எழுதிக் கோடு போட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அங்கமுத்து கேட்டார், தூசி என்றேன்.

திங்கட்கிழமை பெரியசாமி பதில் கேட்டு வருகிறார். அதைத் தாண்டினால் ஆடி வந்துவிடும், ஆவணியோடு மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிடும், எளம்பலூரில் அவர்களுக்கு இன்னொரு ஜாதகமும் இருக்கிறதாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து இந்தக் கணக்கை உங்கள் தங்கைக்குச் சொல்ல வேண்டும். தாய்மாமன் வார்த்தை என்பது ஒன்று. நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள் என்பது இன்னொன்று. ஊரே என்னிடம் மணி கேட்டுவிட்டுப் போகும், வேணி மட்டும் என்னிடம் மணி கேட்டுப் பதினேழு வருஷம் ஆகிறது. அடுத்த வீட்டில் போய்க் கேட்பாளே தவிர என்னிடம் கேட்க மாட்டாள். ஏன் என்பது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் பின்னால் வருகிறேன் என்று சொன்னேன்.

உங்கள் அம்மாவுக்கு முடியவில்லை என்று எண்பத்தெட்டில் தகவல் வந்தபோது நாங்கள் குரும்பலூரில் குடியிருந்தோம். கூட்டுறவு சொசைட்டி போனுக்குக் காலை ஆறு இருபதுக்குச் செய்தி வந்தது. நான் அதற்கு முன்பே டியூட்டிக்குப் போய்விட்டேன். வேணி ஐந்து வயது முத்தமிழைத் தூக்கிக்கொண்டு ஏழு ஐந்துக்குப் பெரம்பலூர் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். அரியலூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் இருந்தார். பத்துப் பேர் ஏறியிருந்தார்கள். "இப்பவே எடுக்கச் சொல்லுங்க, அம்மாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்காம்" என்றாள். டிரைவரே, "எடுத்துறட்டுங்களா?" என்று கேட்டார். நான் ஏழு நாற்பது வண்டி ஏழு நாற்பதுக்குத்தான் என்று சொன்னேன். அப்போது என்னிடம் ஒரு கர்வம் இருந்தது, என் ஸ்டாண்டில் ஒரு வண்டி நேரத்துக்கு முன்னே போனதில்லை என்று. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முப்பத்தைந்து நிமிஷம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு நாற்பதுக்கு விசில் அடித்தேன்.

அரியலூரில் இறங்கி வண்டி மாறி அவள் உங்கள் வாசலுக்கு வந்தது ஒன்பது இருபது. அம்மா அடங்கியது ஒன்பது ஐந்து, செய்தி வந்து இரண்டே முக்கால் மணி நேரம். அன்று சாயங்காலம் நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டபோது, பஸ் பிரேக்டவுன் என்று சொன்னேன். வேணி பக்கத்தில்தான் இருந்தாள், மறுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் நீங்கள் கல்யாண வீடு, காதுகுத்து எல்லா இடத்திலும் அந்த பிரேக்டவுன் பஸ்ஸைத் திட்டுகிறீர்கள், நான் பந்தியில் தலையைக் குனிந்துகொண்டு ரசம் கேட்கிறேன். அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, மச்சான். ஏழு பத்துக்கு எடுத்திருந்தால் உங்கள் தங்கை எட்டு ஐம்பதுக்கு வந்திருப்பாள். அம்மாவுக்குப் பதினைந்து நிமிஷம் மகளோடு கிடைத்திருக்கும்.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது மூன்று மனு எழுதி அரியலூருக்கு ஏழு பத்துக்கு ஒரு புது நடை வாங்கினேன். யாருக்கு வேண்டும் என்று மேலே கேட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று எழுதினேன். இன்றும் பதினொரு பேரோடு ஓடுகிறது. வேணி அதில் இதுவரை ஏறியதில்லை. உங்கள் ஊருக்கு வர வேண்டுமானால் ஒன்பது மணி வண்டிக்குத்தான் வருவாள்.

ஆகவே நீங்கள் தாய்மாமனாக வந்து எடுத்துச் சொல்லி, முத்தமிழ் கழுத்தில் ஆவணியில் தாலி ஏற வழி செய்ய வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். பெரியவர்கள் நீங்கள் இருவரும் நூறு வருஷம் இருந்து எங்களை வாழ்த்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். முடித்த நேரம் காலை 11.25.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
இளையபெருமாள்

பின்குறிப்பு: 7.7.2005, வியாழன், காலை மணி 10.20. மேலே போட்ட பிளேன் கணக்கில் தூரத்தைத் தவிர எல்லாம் தப்பு.

உறைக்கு மேலே விலாசம் எழுத முத்தமிழிடம் கொடுத்தேன். அவள் பிரித்துப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்க நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடியே விடிஞ்சிரும்ப்பா. அவங்க கடிகாரம் வேற, நம்ம கடிகாரம் வேற. போறதும் நாலே கால், வர்றதும் நாலே கால்" என்றாள். எனக்கு அமெரிக்காவில் பகல் என்றால் இங்கே ராத்திரி என்பது தெரியும். அது அமெரிக்காவின் வழக்கம் என்று இருந்துவிட்டேன். சிங்கப்பூரில் நம் ஆட்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்களே, நம் நேரத்தைத்தானே வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தத் தம்பிகள் இரண்டு பேரின் வாட்சும் நல்ல வாட்சாம். ஒரே நொடியில் உலகத்தில் இத்தனை நேரம் ஓடுகிறது என்றால், முப்பத்திரண்டு வருஷம் நான் எதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏழு நாற்பது, ஏழு நாற்பது என்று கத்தினேன் என்று யோசித்து, ராத்திரி முழுக்கப் பிரமித்துப்போய்க் கிடந்தேன்.

ஆக மொத்தம் ஐந்தே கால் மணி நேரம். இரண்டே முக்கால் இல்லை. காலையில் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று தேடினால் காணவில்லை. அடுப்படியில் வேணி உட்கார்ந்திருக்கிறாள், முத்தமிழ் முதலிலிருந்து கடைசி வரை வாசித்து முடித்திருக்கிறாள், பிரேக்டவுன் உட்பட. நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

வேணி என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்த அரை மணி நேரத்த எங்கண்ணனுக்கு எழுதறதுக்கு ஒங்களுக்குப் பதினேழு வருசம் ஆச்சு" என்றாள். "பிளேனு எம்மாந் நேரமானா எனக்கென்ன?"

நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"குடுங்க. அஞ்சே கால் மணி நேரம்னாலும் நான் கெடப்பேன். எங்கம்மாவ விட நான் கெட்டி." பிறகு எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "தாய்மாமன யாராவது கடுதாசி போட்டுக் கூப்புடுவாங்களா? வெத்தல பாக்கோட நேர்ல போவணும். நாளைக்கு ஏழு பத்துல போவோம். மணி என்ன இப்ப?" என்று கேட்டாள்.

என்னிடம்தான் கேட்டாள், மச்சான். எட்டு ஐம்பது என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டேன்.

ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நாளை வெள்ளிக்கிழமை நாங்களே வந்துவிடுவோம். இந்தக் கடிதம் சனிக்கிழமைதான் உங்கள் கைக்கு வரும், அதற்குள் நாங்கள் வந்துவிட்டும் போயிருப்போம், இதற்கு ஒரு வேலையும் இருக்காது. இருந்தாலும் தபாலில் போட்டுவிடுகிறேன். நாளை உங்கள் எதிரே உட்கார்ந்தால் மறுபடியும் பிரேக்டவுன் என்றுதான் என் வாயில் வரும். படித்து முடித்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள். வேறொன்றும் பேச வேண்டாம். எப்போதும் போல "சரி சரி சரி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டால் போதும்.